99.3 விழுக்காடு சுத்தம்

போன வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெரியம்மா மகள் மந்தினில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு மைலோ டின்னோடு வந்தார். எனக்கு அக்கா முறை, பதினொரு வயது மூத்தவர். டின்னுக்குள் ஐஸ் பொட்டலம். அதற்கு நடுவில் டிஷ்யூவில் சுற்றிய ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. குப்பியின் அடியில் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி கொஞ்சம் வெள்ளைத் தூள். லேபிளில் 'செமாகுளுடைட் 10 மி.கி.' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'ஆய்வுக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல.'

"டெலிகிராம்ல வாங்கினேன் தம்பி. ஒரிஜினலான்னு பாத்துச் சொல்லு. நீ லேப்புல தானே வேலை செய்யற?"

நான் கெமிக்கல் எஞ்சினியர். உள்ளூர் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, நீலாய் பக்கம் செம்பனை எண்ணெயிலிருந்து கொழுப்பு அமிலங்களைப் பிரிக்கும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். மருந்து எங்கள் சரக்கு இல்லை. ஆனாலும் அக்கா தப்பான ஆளிடம் வந்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. எங்கள் லேப்பில் எச்.பி.எல்.சி கருவி இருக்கிறது. குப்பியை விற்றவன் அக்காவுக்கு அனுப்பியிருந்த பி.டி.எஃப் சான்றிதழும் அதே வகைக் கருவியில் எடுத்ததுதான். பக்கத்தின் நடுவில் ஒரே ஒரு கூர்மையான உச்சம், சுற்றிலும் தட்டையான கோடு. கீழே தடித்த எழுத்தில், 'தூய்மை: 99.3 விழுக்காடு.'

அக்கா கேட்டது ஒரு வரிக் கேள்வி. அதற்கு நான் சொன்ன பதில் நேர்மையானதுதானா என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் மருந்தைப் பற்றிக் கொஞ்சம். சாப்பாடு இறங்கியதும் நம் குடல் சுவரில் இருக்கும் சில செல்கள் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது ஒரு சேதி மாதிரி. கணையத்திடம் இன்சுலின் விடச் சொல்கிறது, இரைப்பையிடம் மெதுவாகக் காலி பண்ணச் சொல்கிறது, மூளையிடம் போதும் என்கிறது. ஆனால் அந்தச் சேதிக்கு ரத்தத்தில் ஆயுள் ஓரிரு நிமிடம்தான். டி.பி.பி-4 என்ற நொதி அதை வெட்டிப் போட்டுவிடும். 1980களில் கண்டறிந்த இந்த ஹார்மோனை அப்படியே மருந்தாக்க முடியாமல் போனதற்கு இதுதான் காரணம். 1992இல் ஜான் எங் என்ற அமெரிக்க மருத்துவர், கிலா மான்ஸ்டர் என்ற பாலைவனப் பல்லியின் நஞ்சில் இதே வேலையைச் செய்யக்கூடிய, ஆனால் அவ்வளவு சீக்கிரம் வெட்டுப்படாத ஒரு பெப்டைடைக் கண்டார். அதிலிருந்து வந்த எக்ஸனடைட் 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் நிறுவனம் வேறு வழியில் போனது. ஹார்மோனோடு ஒரு கொழுப்பு அமிலத்தை ஒட்டிவிட்டால், அது ரத்தத்தில் ஓடும் அல்புமின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றும், சீக்கிரம் அழியாது. முதலில் வந்த லிராகுளுடைடில் ஒட்டியது 16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலம். நான் தினமும் அளந்து டாங்கி லாரியில் ஏற்ற ஒப்புதல் கொடுக்கிற அதே சரக்கு! செமாகுளுடைடில் சங்கிலி 18 கார்பனாக நீண்டது. 31 அமினோ அமிலங்களில் இரண்டை மாற்றினார்கள், அதில் ஒன்று அந்த நொதி வெட்டும் இடத்தில். அவ்வளவுதான். ஓரிரு நிமிடம் வாழ்ந்த சேதி, பாதியாகக் குறையவே ஒரு வாரம் எடுக்கிற சேதியாகிவிட்டது. 2017 டிசம்பரில் அமெரிக்காவில் ஓசெம்பிக் என்ற பெயரில் இனிப்பு நீருக்கும், 2021இல் வீகோவி என்ற பெயரில் எடைக் குறைப்புக்கும் அனுமதி கிடைத்தது. 2021இல் வெளியான ஸ்டெப்-1 ஆய்வில் 68 வாரத்தில் சராசரி 14.9 விழுக்காடு எடை குறைந்தது. ஊசியை நிறுத்தியவர்களுக்கு, குறைந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பி வந்தது.

இனி அந்தச் சான்றிதழ். எச்.பி.எல்.சி கருவியின் உள்ளே நுண்ணிய மணிகள் அடைத்த ஒரு உலோகக் குழாய் இருக்கும். பெப்டைட் சோதனைக்குப் பெரும்பாலும் அந்த மணிகளின் மேல் 18 கார்பன் சங்கிலிகளை ஒட்டியிருப்பார்கள். கொழுப்போடு அதிகம் ஒட்டும் மூலக்கூறு தாமதமாக வெளியே வரும், ஒட்டாதது முதலில் ஓடி வந்துவிடும். வெளியே வரும்போது புற ஊதா ஒளியில் ஒவ்வொன்றும் ஒரு உச்சமாகப் பதிவாகும். மொத்த உச்சங்களின் பரப்பில் பெரிய உச்சத்தின் பங்கு எவ்வளவு? அதுதான் அந்த 99.3.

அக்காவிடம் இதைத்தான் விளக்கினேன். "அந்த நம்பர் பொய்யின்னு நான் சொல்லலக்கா. ஆனா அது என்னா சொல்லுதுன்னு பாருங்க. ஒளிக்குத் தெரிஞ்ச பொருள்ல 99.3 பங்கு ஒரே உச்சத்துல இருக்கு. அவ்ளோதான்."

அந்த உச்சம் எந்த மூலக்கூறு என்று அது சொல்லாது. அதற்குச் சுத்தமான செமாகுளுடைடை ஒப்பீட்டுக்குப் பக்கத்தில் ஓட்டிப் பார்க்கணும், அல்லது நிறை நிரல் கருவியில் மூலக்கூறு எடை 4113.6 வருகிறதா என்று பார்க்கணும். குப்பியில் இருப்பது 10 மில்லிகிராமா ஏழா என்று சொல்லாது. தண்ணீரும் உப்பும் அந்த ஒளிக்குத் தெரியவே தெரியாது. கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. கிருமி செத்த பிறகும் அதன் சுவரிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நஞ்சு தங்கியிருக்கும், ரத்தத்தில் கலந்தால் காய்ச்சலில் இருந்து அதிர்ச்சிவரை போகும். அதைக் கண்டுபிடிக்க வேறு சோதனை. நம் கடற்கரையிலும் வாழ்கிற பெலாங்காஸ் நண்டின் இனத்திலிருந்து எடுத்த ரத்தத்தில் செய்கிற சோதனை அது. இதற்கெல்லாம் மேலே, அந்தச் சான்றிதழ் இந்தக் குப்பிக்கு உரியதுதானா என்று சான்றிதழே எப்படிச் சொல்லும்?

இன்னொன்று அளவு. ஆரம்ப அளவு வாரத்துக்கு 0.25 மில்லிகிராம். எடைக் குறைப்புக்கு வழக்கமான முழு அளவான 2.4 மில்லிகிராமுக்குப் பதினாறு வாரம் படிப்படியாக ஏறித்தான் போகணும். விற்றவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கணக்கில் ஒரு பூஜ்ஜியம் தவறினால் முதல் நாளே 2.5.

அக்கா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் சொன்னதெல்லாம் வெறும் பயமுறுத்தல் இல்லை என்பதற்கு உதாரணங்கள் உண்டு. 2008இல் சீனாவில் பால் மாவில் மெலமைன் கலந்தார்கள். பாலில் புரதம் எவ்வளவு என்று பார்க்கும் சோதனை உண்மையில் நைட்ரஜனைத்தான் அளக்கும். மெலமைனில் நைட்ரஜன் ஏராளம். தண்ணீர் ஊற்றிய பால் சோதனையில் தேறிவிட்டது. ஆறு குழந்தைகள் இறந்தன, ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. கருவி பொய் சொல்லவில்லை. கருவியிடம் என்ன கேள்வி கேட்பார்கள் என்று கலப்படக்காரனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

அக்கா வந்துபோன சில மாதத்தில், 2025 அக்டோபரில், கோல்ட்ரிஃப் இருமல் மருந்துச் செய்தி வந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான மருந்து. மத்தியப் பிரதேசத்தில், பெரும்பாலும் சிந்த்வாடா பகுதியில், இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் 48.6 விழுக்காடு டை எத்திலீன் கிளைக்கால் இருந்தது. சிறுநீரகத்தை அழிக்கும் தொழிற்சாலைக் கரைப்பான் அது. விஷம் மருந்தில் இல்லை, மருந்தைக் கரைத்த திரவத்தில் இருந்தது. பாராசிட்டமால் சரியான அளவில் இருக்கிறதா என்று மட்டும் ஒருவர் பார்த்திருந்தால், அவருக்கு விஷம் கண்ணில் பட்டிருக்காது.

செமாகுளுடைடுக்கே வருவோம். 2023 அக்டோபரில் ஆஸ்திரியாவில் போலி ஓசெம்பிக் போட்டுக்கொண்ட சிலர் சர்க்கரை தாழ்ந்துபோய் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பேனாவுக்குள் இன்சுலின் இருந்திருக்கலாம் என்று அதிகாரிகள் சந்தேகித்தார்கள். 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் போலி செமாகுளுடைட் பற்றி எச்சரிக்கையே விட்டது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "எங்க லேப்புல இத டெஸ்ட் பண்ண முடியாதுக்கா, ஒப்பிட்டுப் பாக்க ஸ்டாண்டர்ட் இல்ல" என்று முடித்தேன். அது உண்மை. எங்கள் கருவி டோகோடிரையனால் அளக்க வைத்திருப்பது. தூளைக் கரைத்து ஓட்டினால் எனக்கும் அழகான ஒரு உச்சம் கிடைக்கும், ஆனால் அதற்குப் பெயர் வைக்க முடியாது.

அக்கா மைலோ டின்னை மூடிக்கொண்டே கேட்டார்: "நீ சொல்றதெல்லாம் சரி தம்பி. போடாதன்னு சொல்ற. அப்போ என் பசிய நீ எடுத்துக்குவியா?"

எனக்குப் பதில் வரவில்லை.

அக்காவுக்கு ரெண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோதே சர்க்கரை ஏறிவிட்டது. பிறகு இறங்கியது, மறுபடி ஏறியது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் வேலை, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. எடை 94 கிலோ. அவர் அம்மா, என் பெரியம்மா, இனிப்பு நீரால் முதலில் கால் விரலையும் பிறகு முழங்காலுக்குக் கீழேயும் இழந்தவர். ஒரு கிளினிக்கில், பெயர் வேண்டாம், எடை பார்த்த ஒருவர் வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்கிற மாதிரி எண்ணைச் சத்தமாகச் சொல்லி, "வாயக் கட்டணும் லா" என்று சிரித்திருக்கிறார். அன்றிலிருந்து அக்கா அங்கே போவதில்லை. பதிவு பெற்ற பேனா ஊசிக்குத் தனியாரிடம் மாதம் பல நூறு வெள்ளி ஆகும். டெலிகிராம் குப்பி மூன்று மாதத்துக்கு 250 வெள்ளி. அதை விற்றவன் ஒரு தடவைகூட அக்காவின் எடையைக் கேலி செய்யவில்லை. இதைச் சொல்லும்போதுதான் அக்காவுக்குக் கண் கலங்கியது.

'வாயைக் கட்டு' என்பது எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கேட்கிற அறிவுரை. பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், சீனி நிறையப் போட்ட கோப்பியும் சோறுமாக அந்த நாளைத் தள்ளியவர். அந்தச் சீனியை மரம் மரமாக நடந்த கால்கள் எரித்துவிட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்தோம். நடை நின்றது, சீனியும் சோறும் நிற்கவில்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம், ஏறக்குறைய மூன்றில் ஒருவர். மூன்றில் ஒருவருக்கு ஒரே நேரத்தில் ஒழுக்கம் கெட்டுப்போய்விட்டது என்று நம்பச் சொல்கிறார்களா?

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை இந்த இடத்தில் எடுத்து நீட்டாத பெரியவர்கள் இல்லை. முன்னே உண்டது செரித்ததா என்று பார்த்து, அளவறிந்து, நன்றாகப் பசித்த பிறகு உண் என்கிறது அது. நல்ல அறிவுரைதான். ஆனால் அதற்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது: பசி உண்மை பேசும் என்ற நம்பிக்கை. வேணும்போது பசிக்கும், போதும்போது நிற்கும். ஜி.எல்.பி-1 கதை எனக்குச் சொன்னது வேறு. 'போதும்' என்பது ஒரு மூலக்கூறு கொண்டுபோகிற சேதி. எல்லா உடம்பிலும் அது ஒரே சத்தத்தில் ஒலிப்பதில்லை. வாரம் ஒரு ஊசி போட்டால், இருபது வருடமாக வாயைக் கட்ட முடியாத ஒருவர் பாதித் தட்டோடு எழுந்துவிடுகிறார். ஊசியா அவருக்கு ஒழுக்கம் கொடுத்தது? அப்படியென்றால், இத்தனை நாள் நாம் ஒழுக்கக்கேடு என்று திட்டியது எதை?

இந்த இடத்தில்தான் அந்த 99.3 எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. குப்பி விற்றவன் பொய்யான எண்ணைக் கொடுத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அக்காவின் கேள்வி 'எனக்கு ஒன்னும் ஆகாதே?' என்பது. அவன் வேறொரு சின்னக் கேள்விக்குக் கிடைத்த பதிலை எடுத்து, அக்காவின் பெரிய கேள்விக்குப் பதில் மாதிரி நீட்டினான். உண்மையை வைத்துக்கொண்டே இப்படிப் பொய் சொல்ல முடியும்.

கிளினிக்கில் எடையைச் சத்தமாகச் சொன்னவர் செய்ததும் அதேதான். 94 என்பது உண்மையான எண். பூமி அக்காவை எவ்வளவு இழுக்கிறது என்ற கேள்விக்கு அது பதில். அதை அவர் 'இவள் எப்படிப்பட்டவள்' என்ற கேள்விக்குப் பதிலாக வரிசை முழுக்கக் கேட்கும்படி படித்தார்.

சரி, நான்? 'ஸ்டாண்டர்ட் இல்ல' என்று சொன்னேனே, அதுவும் உண்மைதான். ஆனால் அக்கா என்னிடம் கேட்டது 'எனக்கு உதவி பண்ணுவியா?' என்று. தொழில்நுட்பக் காரணத்தைச் சொல்லி நான் அந்தக் கேள்வியிலிருந்து நழுவிவிட்டேன். ஸ்டாண்டர்ட் இருந்திருந்தால் ஓட்டிப் பார்த்திருப்பேனா? இதுதான் நான் எனக்கே கேட்டுக்கொள்ளாத கேள்வி.

கூட வேலை செய்கிற நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். "ஓட்டிப் பாத்திருக்கலாம்டா. நீ பாக்கலன்னாலும் அவங்க போடத்தான் போறாங்க" என்றான். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை அது. 2006இல் நம் நாட்டில் போதை ஊசி போடுகிறவர்களுக்குச் சுத்தமான ஊசி கொடுக்க ஆரம்பித்தார்கள். எச்.ஐ.வி பரவக்கூடாது என்பதற்காக. கொடுத்தவர்கள் யாரும் போதையை ஆசீர்வதிக்கவில்லை. அவர்கள் சரியாகத்தான் செய்தார்கள் என்று நினைக்கிறேன். அப்படியிருக்க நான் மட்டும் கையைக் கட்டிக்கொள்வது நியாயமா?

ரொம்ப நாள் யோசித்த பிறகு எனக்குத் தெரிந்த வித்தியாசம் இது. சுத்தமான ஊசி, தான் சொன்னதை மட்டும் செய்கிறது. 'இந்த ஊசியில் இன்னொருவர் ரத்தம் இல்லை', அவ்வளவுதான் அதன் வாக்கு. நான் குப்பியைச் சோதித்து 'செமாகுளுடைட்தான்' என்று சொல்லியிருந்தால், அக்கா காதில் அது 'தம்பி பாத்துட்டான், பயமில்ல' என்றுதான் விழுந்திருக்கும். கிருமியைப் பற்றியோ அளவைப் பற்றியோ நான் ஒன்றும் சொல்லவில்லை என்பது அவருக்கு ஞாபகம் இருக்காது. என் மேல் இருக்கும் பாசமே அந்த இடைவெளியை நிரப்பிவிடும். டெலிகிராம்காரனை அக்கா பாதிதான் நம்பினார், என்னை முழுசாக நம்புவார். என் சான்றிதழ் அவனுடையதைவிட ஆபத்தானது.

பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் கொடுக்கும் பதிவெண்ணை நான் முன்பு வெறும் அரசாங்க முத்திரை என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படி இல்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் பல பேர் பல கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். அடையாளம், அளவு, கிருமி, எவ்வளவு நாள் கெடாமல் இருக்கும் என்பதுவரை. அதைவிட முக்கியம், தப்பு நடந்தால் போய்க் கேட்பதற்கு ஒரு விலாசம் இருக்கிறது. டெலிகிராம் கணக்கை ஒரு விரல் தட்டில் அழித்துவிடலாம்.

அதனால் சோதிக்காமல் விட்டது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் மறுத்ததோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தது தப்பு. ஆபத்தான கதவை மூடுகிறவன், அந்த ஆள் எந்த வழியாகப் போவார் என்பதையும் பார்க்க வேண்டாமா? பணமும் மரியாதையும் இல்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்தவருக்கு நான் வேதியியல் பாடம் எடுத்திருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். குப்பியை இன்னும் போடவில்லை, முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். "செவ்வாய்க்கிழமை லீவு எடுத்திருக்கேன்க்கா. வேற அரசாங்கக் கிளினிக் போவோம். நானும் வர்றேன்" என்றேன். முதலில் மறுத்தார். பிறகு, "எடை பாக்குறப்ப நீ வெளிய நிக்கணும்" என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்.

ஒரு வெள்ளி கட்டி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இளம் மருத்துவர், மலாய்ப் பெண். எண்ணைச் சத்தமாகச் சொல்லவில்லை. ரத்தச் சோதனை எழுதினார், மெட்ஃபார்மின் கொடுத்தார். பெரியம்மாவின் காலைப் பற்றிக் கேட்டார். வாராந்திர ஊசியைப் பற்றி அக்காவே கேட்டார். இப்போதைக்கு இங்கே கொடுக்க முடியாது, சோதனை முடிவுகள் வரட்டும், பிறகு பார்ப்போம் என்றார். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்ததா என்றும் கேட்டுக் குறித்துக்கொண்டார். குப்பி விற்றவன் கேட்காத கேள்வி அது. நானும் கேட்கவில்லை.

அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய் வருகிறோம். சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. எடை இரண்டு கிலோதான் குறைந்தது. இரவு ஷிப்ட் வாரத்தில் பசி முன்பு மாதிரியேதான் இருக்கிறது என்கிறார். அந்தப் பசிக்கு ஒரு மருந்து உலகத்தில் இருக்கிறது, வேலை செய்கிறது, 18 கார்பன் சங்கிலியோடு எங்கோ குளிர்பெட்டியில் இருக்கிறது. பணம் இருக்கிறவர்களுக்கு அது கிடைக்கிறது. அக்காவோடு வரிசையில் உட்கார்ந்திருப்பதுதான் என்னால் முடிந்தது, அது அதற்கு ஈடாகாது.

குப்பி இப்போது எங்கள் வீட்டு ஐஸ் பெட்டியில் இருக்கிறது. அக்காதான் கொடுத்தார், தன் வீட்டில் இருந்தால் கை போய்விடும் என்று. போன வாரம் வந்தபோது ஐஸ் பெட்டியைத் திறந்து தண்ணீர் எடுத்தவர், கதவை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"இன்னும் வெச்சிருக்கியா?"

"இருக்குக்கா."

"சரி" என்று கதவை மூடினார்.